மஞ்சள் முக்கோணம் போட்ட கேன்: வீட்டுக்குக் கரையான் மருந்து அடித்த சேவை குறித்து ஒரு மதிப்புரை

மயிலாடுதுறையில் என் தந்தை 1991-இல் கட்டிய வீட்டில், சென்ற ஐப்பசி மழை விட்ட மறுநாள் மாலை, கூடத்துக்கும் ஸ்டோர் ரூமுக்கும் இடையிலுள்ள நிலையின் அடியிலிருந்து ஈசல் கூட்டமாகப் புறப்பட்டு வந்தது. விளக்கை அணைத்துவிட்டு அந்த நிலையை விரலால் அழுத்திப் பார்த்தேன். மேலே அடித்திருந்த பெயிண்ட் மட்டும் தோல்போல நின்றது. உள்ளே மரம் இருந்த இடத்தில் ஈரமண் இருந்தது. ஸ்டோர் ரூம் அலமாரியின் பின்பலகையில் கூரை வரைக்கும் மண் தடம் ஏறியிருந்தது. தாத்தா காலத்து நிலப் பத்திரங்கள் வைத்திருந்த தகரப்பெட்டி தப்பியது. அதற்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டியில் இருந்த புத்தகங்கள் தப்பவில்லை.

பல ஊர்களில் கிளைகள் உள்ள ஒரு பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தை அழைத்தேன். அவர்கள் செய்த வேலை, அவர்கள் பயன்படுத்திய மருந்து, அதைப் பற்றி நான் பிறகு தெரிந்துகொண்டவை ஆகிய மூன்றையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன். மூன்றாவதைத் தெரிந்துகொள்ளாமல் முதலிரண்டை மதிப்பிட முடியாது என்பதாலேயே இது நீண்டுவிட்டது.

வீட்டைப் பார்வையிட வந்தவர் பொறுமையாகவே பார்த்தார். 1,350 சதுர அடிக்கு அடிக்கு 8 ரூபாய் வீதம், வரியுடன் 12,744 ரூபாய் என்றும், ஐந்து ஆண்டு உத்தரவாதம் என்றும், இடையில் கரையான் திரும்பினால் கட்டணமின்றி மறுபடியும் அடித்துத் தருவோம் என்றும் சொன்னார். என்ன மருந்து என்று கேட்டேன். "வாசனையே இருக்காது சார், அரசாங்கம் அனுமதித்த மருந்துதான், குழந்தைகள் இருந்தாலும் பயமில்லை" என்றார். தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் என் மகளுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது என்று சொல்லி, மருந்தின் பெயரை இன்னொரு முறை கேட்டேன். "கம்பெனி மருந்து" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. அந்த இடத்திலேயே நான் நின்று கேட்டிருக்க வேண்டும். ஈசல் பறந்த பதற்றத்தில் சம்மதித்துவிட்டேன்.

குறித்த நாளில் காலை ஒன்பதரை மணிக்கு இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். துளையிடும் வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சுவரும் தரையும் சேரும் ஓரத்தில், ஒரு அடிக்கு ஒரு துளை என்று நூல் பிடித்ததுபோல இட்டார்கள். கூடத்து டைல்ஸ் ஒன்றுகூட விரியவில்லை. தூசியைத் துளைக்குத் துளை கூட்டி அள்ளினார்கள். நிலைகளில் சாய்வாகத் துளையிட்டு ஊசிக்குழாயால் மருந்தைச் செலுத்தும் பக்குவமும் அவர்களிடம் இருந்தது. பழைய கட்டடத்தில் துளைக்கு ஒரு லிட்டர் வரைக்கும், அல்லது மண் இனி ஏற்காது என்கிற வரைக்கும் செலுத்த வேண்டும் என்ற இந்தியத் தர நிர்ணயத்தின் கணக்கை அந்தத் தம்பிகள் ஏட்டில் படித்திருக்கமாட்டார்கள். ஆனால் கை அதை அறிந்திருந்தது.

பிறகு மருந்துக் கேன் வந்தது. ஐந்து லிட்டர் கேன். லேபிளின் மேற்பாதி கிழிந்திருந்தது. கீழ்ப்பாதியில் மஞ்சள் முக்கோணமும் அதற்கு மேலே சிவப்பு எழுத்தில் விஷம் என்ற எச்சரிக்கையும் மிச்சமிருந்தன. நம் நாட்டில் பூச்சிக்கொல்லிகளின் நச்சுத்தன்மையை நான்கு நிறங்களால் குறிக்கிறார்கள்: சிவப்பு மிகக் கொடியது, மஞ்சள் அதற்கு அடுத்தது, பிறகு நீலம், கடைசியில் பச்சை. மூடியைத் திறந்ததும் மண்ணெண்ணெயும் அழுகிய பூண்டும் கலந்ததுபோல ஒரு வாடை கூடம் முழுவதும் பரவியது. தம்பிகளில் ஒருவர் வாளித் தண்ணீரில் அதை ஊற்றியபோது தண்ணீர் நொடியில் பால்போல வெளுத்தது. கிழிந்த லேபிளின் ஓரத்தில் குளோர்பைரிபாஸ் 20 சதவீதம் ஈசி என்ற எழுத்து தெரிந்தது. ஈசி என்றால் தண்ணீரில் பால்போலக் கலக்கும் திரவ வடிவம். அதைப் படித்த உடனே மகளையும் என் மனைவியையும் ஆட்டோவில் ஏற்றி என் தம்பி வீட்டுக்கு அனுப்பினேன். நிறுவனம் தன் பங்குக்குச் செய்திருக்க வேண்டிய எச்சரிக்கை, தற்செயலாகக் கிழியாமல் மிஞ்சிய ஒரு காகிதத் துண்டிலிருந்து எனக்குக் கிடைத்தது.

குளோர்பைரிபாஸ் ஒன்றும் அபூர்வமான மருந்தல்ல. நெல், பருத்தி, கரும்பு வயல்களில் பல்லாண்டுகளாக அடித்துவருகிறார்கள். உரக்கடையில் பெயர் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள். அமெரிக்காவின் டவ் நிறுவனம் 1965-இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வீட்டுப் பயன்பாட்டுக்கு டர்ஸ்பான் என்ற பெயரில் உலகெங்கும் விற்றது. வீடு கட்டுபவர்கள் அதற்கு முன் அடித்தளத்தில் ஆல்ட்ரின், குளோர்டேன் போன்றவற்றை ஊற்றிவந்தார்கள். அவை மண்ணில் பல பத்தாண்டுகள் அழியாமல் கிடப்பவை என்பதால் கைவிடப்பட்டபோது, அந்த இடத்துக்கு வந்ததுதான் இது. நம் ஊர்ப் பக்கத்துப் பழைய மேஸ்திரிகள் இன்றைக்கும் கரையான் மருந்துக்குப் பொதுப்பெயராக ஆல்ட்ரின் என்றே சொல்வதைக் கேட்கலாம்.

இது ஆர்கனோபாஸ்பேட் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் நரம்பு ஒரு தசைக்குக் கட்டளை அனுப்பும்போது அசெட்டைல்கோலின் என்ற பொருளைச் சுரக்கிறது. கட்டளை போய்ச் சேர்ந்ததும் அதை அழித்து, அடுத்த கட்டளைக்கு இடம் விடுவதற்கென்றே ஒரு நொதி இருக்கிறது. அந்த நொதியைத்தான் இந்த மருந்து முடக்குகிறது. பூச்சியின் உடலில் நடப்பதும் மனித உடலில் நடப்பதும் அடிப்படையில் ஒன்றே, அளவுதான் வேறு. அளவு மிஞ்சினால் கண்ணீரும் எச்சிலும் வியர்வையும் பெருகும், கண்மணி ஊசிமுனைபோலச் சுருங்கும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், தசைகள் துடிக்கும், முடிவில் மூச்சுத் திணறும். மருந்தடித்த நாளில் இவற்றில் எது கண்டாலும் 108-ஐ அழைத்து, மருந்தின் பெயரைச் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் அட்ரோபின் என்ற முறிவு மருந்தைக் கொடுப்பார்கள். எந்த வகை விஷம் என்று தெரிந்தால் சிகிச்சை தாமதமாகாது. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய விஷத் தகவல் மையத்தையும் 1800 116 117 என்ற எண்ணில் கட்டணமின்றிக் கேட்கலாம். "கம்பெனி மருந்து" என்ற பதிலை வைத்துக்கொண்டு அங்கே என்ன சொல்வது?

இத்தகைய உடனடி விஷத்தைவிட, என்னை அன்றிரவு தூங்கவிடாதது வேறொன்று. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், அந்நகரின் ஏழைக் குடியிருப்புகளில் வாழ்ந்த கர்ப்பிணிகளையும் அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். கரப்பானுக்காக அந்த அடுக்ககங்களில் அடித்த குளோர்பைரிபாஸ், தொப்புள்கொடி இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து வைத்துக்கொண்டார்கள். அது கூடுதலாக இருந்த குழந்தைகளிடம் மூன்று வயதில் வளர்ச்சித் தாமதம் கூடுதலாகத் தென்பட்டது என்று 2006-இலும், ஏழு வயதில் அறிவுத்திறன் மதிப்பெண்ணும் வேலைநினைவும் (ஒன்றைச் செய்யும்போது தேவையானதை மனத்தில் நிறுத்திவைக்கும் திறன்) குறைந்திருந்தன என்று 2011-இலும் வெளியிட்டார்கள். அவர்களில் 40 குழந்தைகளை ஸ்கேன் செய்து, மூளையின் சில பகுதிகளின் அமைப்பிலேயே வேறுபாடு இருப்பதை 2012-இல் காட்டினார்கள். அந்தத் தாய்மார்கள் யாரும் விஷம் ஏறி மருத்துவமனைக்குப் போனவர்கள் அல்லர். தங்கள் வீட்டில் சாதாரணமாக வாழ்ந்தவர்கள்.

இதில் நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அங்கே மருந்தைச் சுவரிலும் அலமாரியிலும் அடித்தார்கள். என் வீட்டில் தரைக்குக் கீழே மண்ணில் செலுத்தி, துளையை வெள்ளை சிமெண்ட் கொண்டு அடைத்தார்கள். இரண்டும் ஒன்றல்ல, அங்கே கண்டது இங்கே அப்படியே நடக்கும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் மண்ணுக்குள் போனது மண்ணுக்குள்ளேயே இருந்துவிடும் என்பதும் முழு உண்மையல்ல. அமெரிக்காவில் கரையானுக்காக இம்மருந்து செலுத்தப்பட்ட வீடுகளின் உள்காற்றில், சிறிய அளவிலேனும், எட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் அது அளக்கப்பட்டிருக்கிறது. என் வீட்டுக் கணக்கை நீங்களே பாருங்கள். லிட்டருக்கு 200 கிராம் மருந்துள்ள திரவத்தில் ஐந்து லிட்டர் தீர்ந்தது. அதாவது ஒரு கிலோ கலப்பற்ற குளோர்பைரிபாஸ், நூறு லிட்டர் தண்ணீரில் கலந்து, நாங்கள் பாய் விரித்துப் படுக்கும் தரைக்குக் கீழே போயிருக்கிறது.

கருவிலிருக்கும் குழந்தையையும் கைக்குழந்தையையும் பற்றித் தனியாகக் கவலைப்படக் காரணம் இருக்கிறது. இந்த மருந்தின் நச்சு வடிவத்தைச் சிதைக்கும் நொதி பெரியவர்களைவிடப் பச்சிளங்குழந்தைகளின் உடலில் மிகக் குறைவு. அதோடு, தரையில் தவழ்ந்து, தரையைத் தொட்ட கையை வாயில் வைப்பது அவர்கள்தான். பிறந்து சில மாதங்களில் என் பேரனோ பேத்தியோ தவழப்போகும் தரை அது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2000-ஆம் ஆண்டிலேயே உற்பத்தியாளர்களுடன் ஒப்பந்தம் செய்து, வீட்டுப் பயன்பாடுகள் ஏறக்குறைய அனைத்தையும் விலக்கிக்கொள்ள வைத்தது. டர்ஸ்பான் பாதுகாப்பானது என்று விளம்பரம் செய்ததற்காக, 2003-இல் டவ் நிறுவனத்தின் வேளாண் பிரிவு நியூயார்க் மாநிலத்துக்கு 20 லட்சம் டாலர் கட்டியது. ஐரோப்பிய ஒன்றியம், பாதுகாப்பான அளவு என்று எதையும் வரையறுக்க இயலவில்லை என்ற தன் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கருத்தை ஏற்று, 2020-இல் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. 2025 மே மாதம், அழியா நச்சுப் பொருள்களுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில், சில பயன்பாடுகளுக்கு விலக்களித்து, இதைச் சேர்த்தார்கள்.

நம் நாட்டில் 2020-இல் தடை செய்ய உத்தேசித்து வெளியிட்ட 27 பூச்சிக்கொல்லிகளின் வரைவுப் பட்டியலில் குளோர்பைரிபாஸ் இருந்தது. இறுதியில் அந்தத் தடை வரவில்லை. தமிழ்நாட்டில் தற்கொலைகளைத் தடுக்கும் நோக்கில் ஆறு பூச்சிக்கொல்லிகளுக்கு அரசு 60 நாள் தடை விதித்தபோது அந்த ஆறில் இதுவும் ஒன்று. 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம் மாநில அரசுக்குத் தற்காலிகத் தடை விதிக்கும் அதிகாரம்தான் கொடுக்கிறது. ஆகவே "அரசாங்கம் அனுமதித்த மருந்து" என்று அன்று அவர் சொன்னது பொய்யல்ல. வாசனை இருக்காது, குழந்தைகளுக்குப் பயமில்லை என்று சேர்த்துச் சொன்னாரே, அங்கேதான் எனக்கு வருத்தம்.

வேலை செய்த தம்பிகளைப் பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்புரை முழுமையாகாது. மருந்தைக் கலக்கியவருக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். கையுறை இல்லை, மூக்கில் ஒரு கைக்குட்டை. வாளியைக் கலக்கக் குச்சி தேடி, கிடைக்காமல், முழங்கை வரைக்கும் கையை விட்டுக் கலக்கினார். வெளுத்த தண்ணீர் சொட்டச் சொட்ட அந்தக் கையாலேயே நெற்றி வியர்வையைத் துடைத்தார். இம்மருந்து தோல் வழியாகவும் உள்ளே போகும். "தம்பி, கையைக் கழுவிட்டு வாங்க" என்று சோப்பைக் கொடுத்து, மனைவி பாத்திரம் துலக்க வைத்திருந்த ரப்பர் கையுறையை எடுத்துக் கொடுத்தேன். "பழகிப்போச்சு ஐயா, சாயங்காலம் கொஞ்சம் தலைவலிக்கும், அவ்வளவுதான்" என்றார். மாதத்தில் இருபது வீடுகளுக்கு மேல் போவதாகச் சொன்னார். மாலைத் தலைவலி வழக்கமாக வருகிறது என்றால் இரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் (இந்த மருந்து முடக்கும் நொதி) அளவைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டும், பரிசோதனைக் கூடங்களில் அதற்கு வசதி உண்டு என்று வாயால் மட்டும் சொன்னால் மறந்துவிடுவார் என்பதால், ஒரு தாளில் எழுதியே கொடுத்தேன். ஒருநாள் மருந்துக்கே நான் இவ்வளவு பதறினேன். நாள்தோறும் அதில் கைவிடும் பிள்ளைகளுக்குக் கையுறையும் முகக்கவசமும் கொடுக்காத நிறுவனத்துக்கு, வேறு எதற்காகவும் நான் மதிப்பெண் கூட்டித் தர மாட்டேன்.

கொல்லைக் கிணறு வீட்டுச் சுவரிலிருந்து எட்டடி தூரத்தில் இருக்கிறது. அந்தப் பக்கச் சுவரோரமும் மருந்து ஊற்ற வாளியைத் தூக்கினார்கள். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். குளோர்பைரிபாஸ் தண்ணீரில் எளிதில் கரையாது, மண்ணைப் பற்றிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனாலும் மழைக்காலத்தில் கிணற்று மட்டம் கைக்கெட்டும் தூரத்துக்கு ஏறும் ஊர் இது. பார்வையிட வந்தவர் கிணற்றைப் பார்த்தார். குறிப்பில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

பலன் எப்படி என்று கேட்பீர்கள். மூன்றாம் நாளே மண் தடங்கள் உலர்ந்து உதிர்ந்தன. தட்டினால் உள்ளே ஒரு கரையான்கூட இல்லை. மருந்து கரையானைக் கொல்லும் என்பதில் சந்தேகமே இல்லை. வாடை ஆறு நாள் இருந்தது. கதவு ஜன்னல்களைத் திறந்து, மின்விசிறியை ஓடவிட்டு, தரையைச் சோப்புத் தண்ணீரால் நான்கு முறை துடைத்தேன். மகளைப் பிரசவம் வரைக்கும் தம்பி வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு அடிக்கடி போய்வந்த எனக்கு இரண்டு நாள் தலைபாரமாக இருந்தது. மருந்துதான் காரணமென்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, தூக்கமின்மையாகவும் இருக்கலாம்.

இரண்டு மாதம் கழித்து, மருந்து ஊற்றாமல் விட்ட கிணற்றுப் பக்கச் சுவரில் மீண்டும் ஒரு மண் தடம் ஏறியது. இந்த முறை உள்ளூரில் சிறிய அளவில் தொழில் செய்யும் வேறொருவரை அழைத்தேன். அவர் வந்ததும் முதல் வேலையாக உரிமத்தின் நகலைக் காட்டினார். சீல் பிரிக்காத புட்டியை என் கையில் கொடுத்து, படித்துப் பார்க்கச் சொன்னார். அது இமிடாகுளோபிரிட் 30.5 சதவீதம். லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி மட்டும் போதும். குளோர்பைரிபாஸுக்கு 50 மில்லி கலந்ததோடு ஒப்பிட்டால் மண்ணுக்குள் போகும் நஞ்சின் எடை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வாடையும் இல்லை. கரையான் அதை உணராமல் அதன் மேலேயே நடந்து, கூட்டுக்குள் மற்றவற்றுக்கும் பரப்பிவிடும். அதனால் பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். ஆனால் இதையும் மாசற்றது என்று நான் புகழமாட்டேன். தேனீக்களுக்கு இது பெருந்தீங்கு. ஐரோப்பாவில் திறந்தவெளிப் பயன்பாட்டை 2018-இல் நிறுத்திவிட்டார்கள். தவிர, இது தண்ணீரில் குளோர்பைரிபாஸைவிட நன்றாகக் கரையும் என்பதால் கிணற்றோரம் கூடுதல் கவனம் வேண்டும். அதை அவரே சொல்லி, அந்தச் சுவருக்குத் தரையில் ஊற்றாமல், தடம் ஏறிய இடத்தில் மட்டும் ஊசிக்குழாயால் செலுத்தினார். 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டார். கரையானின் தோல் வளர்ச்சியைத் தடுக்கும் இரைப்பெட்டி முறையும் உண்டு, செலவு கூடும், பல மாதம் காத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். கர்ப்பிணியோ கைக்குழந்தையோ உள்ள வீட்டில் நான் முதலில் கேட்டிருக்க வேண்டியது அதுதான்.

முதல் நிறுவனத்துக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் கொடுத்தேன். இரண்டும் துளையிட்ட தம்பிகளின் கைப்பக்குவத்துக்கு. உடனே வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலிருந்து அழைத்து, மதிப்பீட்டை உயர்த்தினால் அடுத்த ஆண்டுச் சோதனையில் சமையலறைக் கரப்பான் மருந்து இலவசம் என்றார்கள். எனக்கு இலவச மருந்து வேண்டாம், ரசீதில் மருந்தின் பெயரும் அளவும் இருந்தால் போதும் என்றேன். அவர்கள் தந்த ரசீதில் "கரையான் தடுப்புச் சேவை" என்று மட்டுமே இருந்தது. மூன்று கடிதங்களுக்குப் பிறகு, சென்ற வாரம் திருத்திய ரசீது தபாலில் வந்தது: குளோர்பைரிபாஸ் 20 சதவீதம் ஈசி, 5 லிட்டர் என்று பேனாவால் எழுதி, முத்திரை வைத்திருந்தார்கள். மருந்து ஊற்றிய இடங்களைக் குறித்து நான் வரைந்த வீட்டு வரைபடத்தோடு அதைச் சேர்த்து, பத்திரங்கள் இருக்கும் தகரப்பெட்டியில் வைத்திருக்கிறேன். நாளைக்கு யாராவது இந்தத் தரையைத் தோண்டும்போது எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.